மடிப்பில் எழுதிய வரி

மணலி
4.12.2024

அன்புத் தங்கை மமுவுக்கு,

நான் முழு உடம்போடு இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் போனில் நீ 'ம்' என்பாய், நான் 'அப்புறம்' என்பேன், நீ மறுபடியும் 'ம்' என்பாய். அதற்கு பொம்மனஹள்ளி சிக்னல் கம்பத்தோடு பேசலாம். நீ எழுத்தில்தான் வாயைத் திறப்பாய் என்று இந்த நீல இன்லாண்ட் தாளில் பத்து வாங்கி வைத்திருக்கிறேன். போஸ்டாபீஸ் அம்மா, "இன்னும் இத வாங்குற ஆளு இருக்குதா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

எங்கள் கன்டெய்னர் யார்டில் புது நாடகம் ஆரம்பித்திருக்கிறது. உன் படிப்புச் சங்கதி எங்களிடமும் வந்துவிட்டது, டாக்டரம்மா. முன்பெல்லாம் கன்டெய்னரில் ஏற்றும் பெட்டியை எண்ணி, நிலைமையைப் பார்த்து, தாளில் கையெழுத்துப் போடுவோம். இப்போது டேலி கிளார்க் ஆளுக்கொரு கம்பெனி போன். அதில் தட்டினால் பிளாக்செயினில் விழுமாம், கடவுளே வந்தாலும் அழிக்க முடியாதாம். ஆறு பேருக்கு ஆறு போன். ஆறும் சூப்பர்வைசர் சின்னப்பாவின் மேஜை டிராயரில் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. பின்பக்க ஸ்டிக்கரில் எங்கள் பேர், கீழேயே ரகசிய எண். மத்தியானம் இரண்டு மணிக்கு அவரே ஆறையும் வரிசையாக வைத்து, கேரம் ஆடுகிற மாதிரி டொக் டொக்கென்று தட்டிவிடுவார்.

இன்று நல்ல மழை. ஒரு லாரி தார்ப்பாய் கிழிந்து வந்தது. உள்ளே சட்டைப் பெட்டிகள். கை வைத்தால் அட்டை ஊறி விரலோடு வருகிறது. "நனைஞ்சதுன்னு எழுதணும்ணே" என்றேன். "போய் சாப்ட்டு வாடா பெங்களூரு" என்றார். நான் திரும்பி வருவதற்குள் ஏற்றி, சீல் வைத்து, என் பேரில் 'நல்ல நிலை' என்று விழுந்துவிட்டது. பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கத்த வாய் வரவில்லை. நம் குடும்ப வியாதி.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

அன்புடன்,
தினேஷ்

மடிப்பில்: கோபத்துக்கும் மழைக்கும் சேர்த்து, அறையிலும் வேலையிலும் கூட இருக்கும் விக்கியோடு ஒரு கட்டிங் போட்டுவிட்டுத்தான் மத்தியான டியூட்டியில் நின்றேன். ஒட்டுகிற மடிப்பில் எழுதியிருக்கும் இந்த வரி மட்டும் அம்மாவுக்கு நக்கோ, வாசிக்காதே.

*

பொம்மனஹள்ளி
15.12.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு வலது கால் தேவலை, இடது கால்தான் மக்கர். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், மடிப்பை விட்டுவிட்டு. மத்தியானத்தில் டியூட்டியில் குடிக்கிறவனுக்கு எழுதுவதற்கு என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. அதனால் அதைத் தாண்டிப் போகிறேன்.

சட்டைப் பெட்டி நனைந்ததைக் கேட்டதும் அம்மா, "ஈரத்தோட சீல் வெச்சாங்களா? பத்து நாள்ல கருப்பு கட்டிரும். கட்டட்டும், அந்த சின்னப்பா அதையே போட்டுக்கட்டும்" என்றாள். பதினேழு வருடம் கார்மென்ட்ஸ் செக்கிங்கில் நின்ற அம்மாவுக்கு யார் வீட்டுச் சட்டை நனைந்தாலும் கோபம் வருகிறது.

எனக்கும் இங்கே கோபம்தான். என் ஆராய்ச்சிக்கு உதவித்தொகை தரும் பிளாக்செயின் கம்பெனியிலிருந்து ஸ்ரீவித்யா மேடம் வந்திருந்தார். எங்கள் கைடு வெங்கடகிருஷ்ணன் சார் என் தோளைத் தட்டி, "இவ வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்சவ இவதான் முதல்" என்று அறிமுகம் செய்தார். மேடம் என்னைப் பார்த்துக் கண் கலங்கினார். பிறகு இரண்டு மணி நேரம் நான் மினிட்ஸ் எழுதினேன். என் தலைப்பு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

நீயாவது கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். கப்பலில் ஏற்றிய சரக்குக்கு பில் ஆஃப் லேடிங் என்று ஒரு சீட்டு உண்டு. அந்த மூலத்தாள் முறைப்படி யார் கைவசம் இருக்கிறதோ அவர்தான் சரக்கைக் கேட்க முடியும். இப்போது அந்தத் தாள் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. கையில் பிடிக்க முடியாத ஒன்று 'கைவசம்' இருப்பதாகச் சட்டம் எப்படிச் சொல்லும்? அந்த ஒரு வார்த்தைக்குத்தான் என் நாலு வருடம்.

உடம்பைப் பார்த்துக்கொள். குடிக்காதே.

உன் தங்கை,
மமதா

*

பொம்மனஹள்ளி
9.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். நாங்கள் நலம். நீ நலம் என்று நீயாகச் சொன்னால்தான் நம்புவேன்.

எனக்கு ஒரு நல்ல சேதி. கம்பெனி தன் பதிவுகளை ஆராய்ச்சிக்குத் தந்தது. பேர், ஊர், தேதி எல்லாம் மறைத்து, வினாடிகளை மட்டும் விட்டிருந்தார்கள். ஏதோ ஒரு யார்டில் சரக்கு கெட்டுப்போய் வழக்கு வரும்போல. 'ஊழியர் A' நல்ல நிலை என்று பதிந்திருக்கிறார், பெட்டியைத் திறந்தால் நாசம். அதை வைத்துக் கட்டுரை எழுதினேன். கருவி யார் பேரில் இருக்கிறதோ, அது அவர் கைவசம் இருந்ததாகவே கொள்ள வேண்டும். ஆகவே தவறு அமைப்பினுடையது அல்ல, ஊழியரின் அலட்சியம். இதுதான் முடிவு. அடிக்குறிப்பில் இன்னொன்றும் கண்டுபிடித்துப் போட்டேன். அந்த யார்டில் ஆறு ஊழியர்களும் நாற்பது வினாடிக்குள் பதிவை முடித்திருக்கிறார்கள். என்ன வேகம் பார்! சார் அதைப் படித்துவிட்டு "ஷார்ப் ஐ" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டிய முதல் தடவை.

கட்டுரை இந்த மாதமே வெளிவருகிறது. என் பேர் அச்சில் இருக்கும். உனக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

மமதா

*

மணலி
22.3.2025

அன்பு மமுவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷம்.

இங்கே வேலை சுமார். கொஞ்ச நாள் லீவில் இருக்கிறேன். அறையில் படுத்துக்கொண்டு ஃபேனைப் பார்க்கிறேன், அதுவும் என்னைப் பார்க்கிறது.

ஒரு சந்தேகம். அந்தப் பிளாக்செயினில் ஒருத்தன் பேரில் தப்பாக ஒன்று விழுந்துவிட்டது என்று வை. அதை எடுக்கவே முடியாதா? சும்மா கேட்கிறேன்.

அம்மாவுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டு வருகிறேன்.

தினேஷ்

மடிப்பில்: ஒன்றும் இல்லை.

*

பொம்மனஹள்ளி
30.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

லீவு என்றால் இங்கே வர வேண்டியதுதானே? அம்மா கோபமாக இருக்கிறாள். சேலத்து மாம்பழம் வந்ததும் வருவாய் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் சந்தேகத்துக்குப் பதில்: எடுக்க முடியாது. அதுதான் அதன் அழகே. தப்பென்று நிரூபித்தால் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம். மேலே விழுந்தது விழுந்ததுதான். தாளில் எழுதி அடித்துத் திருத்துகிற ஏமாற்று வேலை இனி நடக்காது.

கட்டுரை வந்துவிட்டது. இத்துடன் பிரதி. சார் பேர் முதலில், என் பேர் இரண்டாவது. எழுதியது முழுக்க நான். அந்த எரிச்சலை யாரிடம் சொல்வது? உன்னிடம் சொல்கிறேன்.

மமதா

*

மணலி
3.6.2025

மமதா மேடத்துக்கு,

விக்கி எழுதுவது, உங்கள் அண்ணனோடு அறையில் இருக்கிறவன். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

தினேஷ் லீவில் இல்லை. பிப்ரவரி கடைசியிலிருந்து சஸ்பென்ஷன். டிசம்பரில் நனைந்த சட்டைப் பெட்டியை வெளிநாட்டில் திறந்தால் மொத்தமும் பூஞ்சை. நஷ்டஈடு கேட்டு வந்ததும் சின்னப்பா கையை விரித்துவிட்டார். 'பொய்ப் பதிவு' என்று குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் துறைமுக பாஸ் ரத்து. அப்புறம் எந்த யார்டு வாசலிலும் அவனை நிற்கக்கூட விடமாட்டார்கள். டிராயர் விஷயத்தை அவன் சொன்னான். நானும் சொன்னேன். மற்ற நாலு பேர் வாயைத் திறக்கவில்லை. எங்கள் இரண்டு பேர் பேச்சு எடுபடவில்லை.

போன வியாழக்கிழமை விசாரணையில் நிர்வாகத்தின் ஆள் ஒரு கட்டுரையை எடுத்து வாசித்தார். பெங்களூரில் பெரிய ஆராய்ச்சியாம். 'கருவி யார் பேரிலோ அவர் கைவசமே', 'ஊழியரின் அலட்சியம்'. கீழே பார்த்தால் உங்கள் பேர்.

"கேள்வி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்கள். "இல்ல சார்" என்றான். வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னான். அப்புறம் என்னிடம், "எங்க மமு பேரு அச்சுல நல்லாருக்கு இல்ல?" என்றான்.

இதை உங்களுக்கு எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கினான். மீறிவிட்டேன். நல்லா படிங்க மேடம்.

விக்கி

*

பொம்மனஹள்ளி
9.6.2025

அண்ணா,

நீ போனை எடுக்கவில்லை. நாற்பது தடவை அடித்தேன்.

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். டிராயரைப் பற்றி டிசம்பரிலேயே நீ எழுதியிருந்தாய். கேரம் மாதிரி டொக் டொக்கென்று. அதைப் படித்துச் சிரித்தேன். மார்ச்சில் நாற்பது வினாடியைப் பார்த்தபோது அதே சத்தம் என் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆறு பேர் ஆறு மூலையில் நின்றுகொண்டு நாற்பது வினாடிக்குள் எப்படித் தட்டுவார்கள்? ஒரு ஆள் உட்கார்ந்த இடத்தில் தட்டினால்தான் முடியும். கண்ணெதிரே இருந்த சாட்சியை 'வேகம்' என்று எழுதிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். உன் யார்டில் எந்தக் கம்பெனியின் அமைப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரோ ஒரு A தானே என்று எழுதிவிட்டேன். அந்த A-க்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள் என்று தோன்றவில்லை.

நேற்று மீட்டிங்கில் பேசினேன். நான்தான் பேசினேன், நம்பு. ஸ்ரீவித்யா மேடம், "அதுல யார் பேருமே இல்லையே மமதா. ஜஸ்ட் கிளார்க் A" என்றார்.

"A எங்க அண்ணன் மேடம். தினேஷ்னு பேரு."

ஜன்னல் பக்கம் வாட்ச்மேன் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன். வெங்கடகிருஷ்ணன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "என்னம்மா நீ, சொந்தக்காரன்னு மொதல்லயே டிக்ளேர் பண்ண வேண்டாமா? இது எதிக்ஸ் இஷ்யூ ஆயிடுமே." தப்பு யார் மேல் என்று பார்த்தாயா? உனக்கு நான் தங்கையாகப் பிறந்ததன் மேல். கட்டுரையை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன். "கோபம் தணியட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். தணியாது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் குடும்ப வியாதி உனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன்.

இன்று பழைய கடிதங்களை எடுத்தேன். உன் டிசம்பர் இன்லாண்ட் தாள் பத்திரமாக இருக்கிறது. டிராயர், ஸ்டிக்கர், நனைந்த பெட்டி, சின்னப்பா சொன்னது, எல்லாம் உன் கையெழுத்தில். அதே தாளின் முதுகில் மணலி தபால் முத்திரை, 5.12.2024, மை பிசகாமல். கவரில் வந்த கடிதமாக இருந்தால் கவர் வேறு தாள் வேறு என்று தள்ளிவிடுவார்கள். இன்லாண்டில் எழுத்தும் முத்திரையும் ஒரே தாள். சரக்கு கெட்டது யாருக்கும் தெரிவதற்கு இரண்டரை மாதம் முன்பே எழுதியது. இதை யாராலும் அசைக்க முடியாது.

கடிதம் என் கைவசம் இருக்கிறது. அடுத்த விசாரணை தேதியைச் சொல், நானே வந்து கொடுக்கிறேன்.

மமதா

*

மணலி
15.6.2025

மமதா,

வராதே.

கடிதம் உன் கைவசம் இருக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, மடிப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா? டியூட்டியில் குடித்தேன் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைக் காட்டினால் பொய்ப் பதிவிலிருந்து தப்பிக்கலாம், குடித்ததற்கு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். என்னோடு சேர்த்து விக்கியையும். அதை நீ யோசிக்கவில்லை. உனக்கு முத்திரை தெரிந்தது, மை தெரிந்தது. மனுஷன் தெரியவில்லை. அன்றைக்கும் அப்படித்தான்.

விக்கியிடம் சொன்னேன். "மடிப்பைக் கிழிச்சுட்டுக் குடுக்கச் சொல்லுடா, என்னப் பத்திக் கவலப்படாத" என்கிறான்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று விக்கி உனக்கு எழுதியிருந்தால் அது பொய். இருக்கிறது. அந்தக் கட்டுரையை நீ எனக்குத் தபாலில் அனுப்பினாய், அகராதி வைத்து வரி வரியாகப் படித்தேன். 'நெக்லிஜென்ஸ்' என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. நம் தங்கச்சி யாரையோ திட்டுகிறாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன். அப்புறம்தான் அது நான் என்று தெரிந்தது. ஒரு தடவை என்னைக் கேட்காமல் என்னை எழுதினாய். இப்போது என்னைக் கேட்காமல் என் கடிதத்தைக் காட்டுவேன் என்கிறாய். உனக்கு எழுதியது உனக்குத்தான் எழுதியது.

அம்மாவிடம் சொல்லாதே.

தினேஷ்

*

பொம்மனஹள்ளி
23.6.2025

அண்ணாவுக்கு,

அம்மா நலம். இரண்டு நாள் சாப்பிடவில்லை, இன்று சாப்பிட்டாள். அவளிடம் சொல்லிவிட்டேன். டிசம்பர் கடிதத்தை மறுபடி வாசித்தேன், இந்தத் தடவை மடிப்பையும் சேர்த்து. அம்மா தாளை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "மொதல்லயே முழுசாப் படிச்சிருந்தா அவனுக்கு அன்னைக்கே ரெண்டு குடுத்திருப்பேன். அவனுக்குப் போன்ல, உனக்கு நேர்ல" என்றாள். நான் எதை வாசிப்பது, எதை விடுவது என்று தீர்மானித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், உன் கடிதத்திலும் கம்பெனியின் பதிவிலும். அவள் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

இத்துடன் உன் 4.12.2024 கடிதத்தின் மூலத்தாள். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. போட்டோவும் எடுக்கவில்லை. நாலு வருடமாகப் படிக்கிற படிப்பு இது ஒன்றுதான்: மூலத்தைக் கைமாற்றிவிட்டால் கொடுத்தவருக்கு அதன் மேல் உரிமை கிடையாது. இனி இது உன் கைவசம். காட்டலாம். அடுப்பில் போடலாம். மடிப்பைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம். கிழித்தால் எனக்குத் தெரியப்போவதில்லை, கேட்கவும் மாட்டேன். என் கையால் மட்டும் அதைக் கிழிக்க முடியவில்லை.

என் பங்குக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த அடிக்குறிப்பு தவறு, முடிவும் தவறு, நாற்பது வினாடி ஒரே கை தட்டியதற்கே சான்று என்று இதழுக்கும் உன் விசாரணை அதிகாரிக்கும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவை என் வரிகள். கம்பெனியிலிருந்து மறுநாளே மெயில் வந்தது, உதவித்தொகை நிறுத்தம். வெங்கடகிருஷ்ணன் சார் என்னைப் பார்த்தால் லிஃப்ட்டை விட்டுப் படியில் போகிறார். மூட்டு வலிக்காரர், பாவம் என்று நினைக்க முயன்றேன். வரவில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. கோபத்தை வைத்துக்கொள்.

மமதா

*

மணலி
19.7.2025

செல்வி மமதா அவர்களுக்கு,

நான் நலம். தாங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடந்த வாரம் விசாரணை நடந்தது. தங்கள் கடிதம் அதிகாரிக்கு வந்திருந்தது. அதற்கு நிர்வாகத்தின் ஆள், இவள் தங்கை, அண்ணனைக் காப்பாற்ற எழுதுகிறாள் என்றார். அப்போது இன்லாண்ட் தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். "நீயே வாசி" என்றார் அதிகாரி. வாசித்தேன். கேரம் என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள், சின்னப்பா சிரிக்கவில்லை. கடைசி வரி வந்ததும் விக்கி எழுந்து கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். மடிப்பு அப்படியேதான் இருந்தது. விக்கியின் பேரோடு சேர்த்து எல்லா வரியையும் வாசித்தேன். முதல் நாள் இரவே அவனிடம் கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டுத்தான் செய்தேன்.

பொய்ப் பதிவுக் குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். பாஸ் இருக்கிறது. சின்னப்பா மேல் தனி விசாரணை. டியூட்டியில் குடித்ததற்கு எங்கள் இருவருக்கும் அன்று மாலையே வேலை போயிற்று. பிளாக்செயினில் என் பேரில் விழுந்த 'நல்ல நிலை' அப்படியே இருக்கிறது. கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'பதிவின்போது கருவி இவர் கைவசம் இல்லை.' தங்கள் வார்த்தைதான். பார்த்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து இருவரும் வேறு யார்டில் சேருகிறோம். அங்கே இன்னும் தாள்தான்.

அம்மாவுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். இரண்டு காலுக்கும் போடச் சொல்லவும். தாங்கள் படிப்பை விட வேண்டாம்.

இனி யாருக்கு எழுதினாலும் பத்துப் பேர் முன்னால் வாசிக்கத் தகுந்ததாகத்தான் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இதையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தினேஷ்

மடிப்பில்: இங்கே இனி எழுதுவதாக இல்லை.